நல்ல வக்கீலா பாருங்க... எதுக்கு?

ரொம்ப நாளாச்சு பதிவு போட்டு. வழக்கம்போல ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். ஆனா நிஜம் என்னன்னா, இந்தப் பதிவை மூணு தடவை எழுதி மூணு தடவையும் அழிச்சுட்டேன். சொந்தக்காரங்க சமாச்சாரம். அதுல எனக்கும் பங்கு இருக்கு. போன வாரம் கூட வேலை பாக்கற பையன் ஒருத்தன் வந்து, "பாஸ், ட்ரங்க் அண்ட் டிரைவ்ல மாட்டிக்கிட்டேன், உங்க ஊர்ப் பக்கம்தான், நல்ல வக்கீல் யாராச்சும் தெரியுமா?"ன்னு கேட்டான். அதுக்கு மேல எழுதாம இருக்க முடியலை.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. இன்ஜினியரிங் படிச்சுட்டு பெங்களூர்ல பொட்டி தட்டறவன். சட்டம் பத்தி இங்க இருக்கறது எல்லாம் சூடு பட்ட பிறகு படிச்சது.

2023 மே மாசம். ஊர்ல ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போயிருந்தேன். ராசிபுரம் பக்கம். ராத்திரி பதினொன்றரைக்கு ஃபோன். சித்தப்பா பையன்.

"அண்ணா, எங்க இருக்கீங்க?"

"வீட்லதான்டா. என்ன?"

"புடிச்சுட்டாங்கண்ணா. ஊதச் சொன்னாங்க. 86 காட்டுது."

பையனுக்கு 24 வயசு. கோழித்தீவன சேல்ஸ்ல இருக்கான். நாமக்கல் சுத்துப்பட்டுல பண்ணை பண்ணையா கார்ல சுத்தறதுதான் வேலை. ஆண்டகளூர் கேட் தாண்டி ஹைவேஸ்ல ஏறினதும் மடக்கியிருக்காங்க. நல்லவேளை, யார் மேலயும் இடிக்கலை.

இதுல என் பங்கு என்னன்னு கேக்கறீங்களா? அவன் குடிச்ச அதே டேபிள்ல நானும் உக்காந்திருந்தேன். அவன் சாவியை எடுத்துக்கிட்டுக் கெளம்பினப்போ "பாத்துப் போடா"ன்னு சொன்னது நான்தான். சாவியைப் புடுங்கலை. நான் மட்டும் ஜம்பமா இன்னொருத்தர் பைக்ல பின்னாடி உக்காந்து வீடு வந்து சேர்ந்துட்டேன்.

மறுநாள் காலையில சித்தப்பா வீட்டுத் திண்ணையில மாநாடு. பெரியப்பா, மாமா, பக்கத்து வீட்டு லாரி ஓனர், போதாக்குறைக்கு நான். எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "இதுலருந்து வெளிய கொண்டாறதுக்கு எந்த வக்கீலைப் புடிக்கலாம்?" ஒருத்தர் சேலத்துல ஒரு வக்கீல் பேரைச் சொன்னார். "அவருகிட்டப் போனா தோத்ததே கெடையாதுங்" என்றார். இன்னொருத்தர் "கோர்ட்லயே ஆள் இருக்குது, பேசிக்கலாம்" என்றார். தப்பு பண்ணிட்டானேங்கற பேச்சு ஒருத்தர் வாயிலயும் வரலை.

காபி டம்ளரை எடுக்க வந்த சித்தி மட்டும் நின்னுக்கிட்டே சொன்னாங்க: "எங்கண்ணனை அடிச்சுப் போட்டுட்டுப் போனானே, அவன் வீட்லயும் இப்படித்தான் திண்ணையில உக்காந்து நல்ல வக்கீலாத் தேடியிருப்பாங்க."

சித்தியோட அண்ணன் பல வருஷம் முன்னாடி ராத்திரி சைக்கிள்ல வந்தப்போ குடிச்சுட்டு வந்த ஒருத்தன் அடிச்சு செத்துப்போனவர். மாட்டியிருக்கறது சித்தி பெத்த பையன். இதைச் சொல்லிட்டு டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க. நாங்க கொஞ்ச நேரம் பேசாம இருந்தோம். அப்புறம் மறுபடியும் வக்கீல் பேச்சுதான்.

*

மூணு வக்கீலைப் பாத்தோம். பேர் வேண்டாம்.

முதல் ஆள் சேலம். ஏசி ரூம், வாசல்ல நாலு ஜூனியர். நாங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள, "மெஷினை ஒடைச்சுடலாம்" என்றார். முப்பதாயிரம் இப்ப, ஜெயிச்சா இன்னொரு இருபது. எந்த மெஷின், எந்த ஸ்டேஷன்னுகூட கேக்கலை.

ரெண்டாவது ஆள் கோர்ட் வாசல்லயே கெடைச்சார். "இதெல்லாம் ஒரு கேஸா தம்பி? ஒத்துக்க, பத்தாயிரம் ஃபைன் கட்டு, எனக்கு அஞ்சு. மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்."

மூணாவது நாமக்கல்ல ஒரு வக்கீலம்மா. ஐம்பது வயசுக்கு மேல இருக்கும். ஓட்டு வீட்டு முன் ரூம்தான் ஆபீஸ். அவங்க முதல்ல கேட்டது, "யாருக்காவது அடிபட்டுச்சா கண்ணு?" இல்லைன்னதும் அடுத்து, "ஊதின ஸ்லிப் எங்க?" பாத்துட்டு, "உன் பிழைப்பு என்ன? வண்டி ஓட்டாம ஆறு மாசம் சமாளிக்க முடியுமா?"

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆறு மாசம் எதுக்குங்கன்னு கேட்டோம். அப்பத்தான் சொன்னாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவுல தண்டனை ஆச்சுன்னா, 20-ஆவது பிரிவுப்படி கோர்ட் லைசென்ஸைக் குறைஞ்சது ஆறு மாசத்துக்குத் தகுதி நீக்கம் பண்ணணும். பத்தாயிரம் ஃபைன் அதுக்கு மேல. முதல் தடவைக்கே ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் போடவும் சட்டத்துல இடம் இருக்கு. ரெண்டாவது தடவைன்னா ரெண்டு வருஷம் வரைக்கும் போகும், ஃபைன் பதினஞ்சாயிரம்.

"மெஷினுக்கு கேலிப்ரேஷன் சர்ட்டிஃபிகேட் இருக்கான்னு கேட்டு மனு போடறேன். அதுல கோளாறு இருந்தா நின்னு வாதாடறேன். சரியா இருந்துச்சுன்னா ஒத்துக்கறதுதான் உனக்கு நல்லது. முதல் தப்பு, வயசு சின்னது, யாருக்கும் காயம் இல்லைன்னு சொல்லி ஜெயில் இல்லாம முடிக்கப் பாக்கறேன். லைசென்ஸைக் காப்பாத்தித் தரேன்னு நான் சொல்ல மாட்டேன்." ஃபீஸ் எட்டாயிரம்னு ஒரு பேப்பர்ல எழுதியே கொடுத்தாங்க.

வெளிய வந்ததும் மாமா சொன்னார்: "இந்தம்மா இப்பவே தோத்துட்டாங்களே!"

யாரை வெச்சோம்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். சேலத்துக்காரருக்கு அட்வான்ஸை கூகுள் பே பண்ணது யாரு? அடியேன்தான்.

*

முதல் வாய்தாவுக்கு நானும் லீவு போட்டுட்டுப் போயிருந்தேன். எங்களுக்கு முன்னாடி ஒரு லாரி டிரைவரைக் கூப்பிட்டாங்க. சங்ககிரி பக்கம். நாப்பது நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். வக்கீல் இல்லை. ஒத்துக்கறியான்னு கேட்டாங்க, ஒத்துக்கறேங்க என்றார். ஃபைன் சொன்னாங்க, தலையாட்டினார். அப்புறம் லைசென்ஸ் ஆறு மாசத்துக்கு இல்லைன்னதும், அவர் கோர்ட் கிளார்க்கைப் பாத்துக் கேட்டார்: "ஏனுங், அதுக்கும் சேர்த்துத்தானே ஃபைன் கட்டறேன்?"

எல்லாம் ரெண்டு நிமிஷம்தான். லாரியே சோறுன்னு இருக்கற ஊருங்க இது. நாமக்கல்லயும் சங்ககிரியிலயும் லாரி இல்லாத தெரு கெடையாது. அந்த ஆளோட ஆறு மாசச் சம்பளம் போயிடுச்சு. அது போகும்னு முன்கூட்டியே அவருக்குச் சொல்ல ஒருத்தரும் இல்லை.

எங்க கேஸ் என்ன ஆச்சு? பதினோரு மாசம் இழுத்தது. நம்ம ஆளு ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு கதை சொன்னார். ஜட்ஜ் லீவு, போலீஸ் சாட்சி வரலை, கோர்ட்ல கூட்டம். எனக்கு சந்தேகம் வந்து ஈ-கோர்ட்ஸ் தளத்துல கேஸ் நம்பரைப் போட்டுப் பாத்தேன். (பொட்டி தட்டறவனுக்கு வேற என்ன தெரியும்?) ஜட்ஜ் லீவுன்னு சொன்ன அன்னிக்கு கோர்ட் நடந்திருக்கு. எங்க தரப்புலருந்து 317 பெட்டிஷன் போட்டிருக்கு. அதாவது, குற்றம் சாட்டப்பட்டவர் இன்னிக்கு வர முடியலை, மன்னிச்சுக்குங்கன்னு மனு. பையன் அன்னிக்கு வீட்ல சும்மாதான் இருந்தான்! மெஷினை ஒடைக்கறேன்னவர் அந்த மெஷின் சம்பந்தமா பதினோரு மாசத்துல ஒரு மனுகூட போடலை.

கடைசியில ஒத்துக்கிட்டான். பத்தாயிரம் ஃபைன், லைசென்ஸ் ஆறு மாசம் போச்சு. வக்கீலம்மா முதல் நாளே சொன்ன அதே முடிவு. செலவு மட்டும் மொத்தம் அறுபதாயிரத்தைத் தாண்டிடுச்சு. "ஜட்ஜ் மாறிட்டாரு, இல்லைன்னா ஒடைச்சிருப்பேன்" என்றார் நம்ம ஆளு.

அவரை மட்டும் திட்டிட்டுப் போறதுக்கு இந்தப் பதிவை எழுதலை. அவர் வித்தார், நாங்க வாங்கினோம். உண்மையைச் சொன்ன கடை எட்டாயிரத்துக்குத் தெறந்திருந்துச்சு. அதைத் தாண்டிப் போய் பொய்யை முப்பதாயிரம் கொடுத்து வாங்கினோம். ப்ரொடக்‌ஷன்ல பக் வந்தா கோடைச் சரி பண்ணணும். நாங்க லாக் ஃபைலை அழிக்க ஆள் தேடினோம்.

*

"அது உங்க வக்கீல் டுபாக்கூர். பெரிய ஆளா வெச்சிருந்தா தப்பிச்சிருக்கலாம்"னு பின்னூட்டம் வரும். சரி, இந்தியாவிலேயே பெரிய ஆளை வெச்ச கதையைப் பாப்போம்.

1999 ஜனவரி 10, விடிகாலை. டெல்லி லோதி காலனி. பி.எம்.டபிள்யூ கார் ஒண்ணு போலீஸ் செக்கிங் நடந்த இடத்துல புகுந்து ஆறு பேர் செத்தாங்க. அதுல மூணு பேர் போலீஸ்காரங்க. ஓட்டினவர் சஞ்சீவ் நந்தா, முன்னாள் கடற்படைத் தளபதியோட பேரன். ரத்தத்துல ஆல்கஹால் 0.115 சதவீதம். நம்ம கணக்குல 100 மில்லிக்கு 115 மில்லிகிராம். சட்டம் விடற அளவு 30.

பணத்துக்குக் குறைச்சல் இல்லை. வக்கீல் ஆர்.கே.ஆனந்த், டெல்லியில கொடிகட்டிப் பறந்த சீனியர். முன்னாள் எம்.பி. வேற. 2007 மே மாசம் என்.டி.டி.வி. ஒரு ரகசிய வீடியோவை வெளியிட்டது. எதிர்த்தரப்பு சாட்சியை வளைக்கப் பேசறது அதுல பதிவாகியிருந்தது. 2008 ஆகஸ்ட்ல டெல்லி உயர் நீதிமன்றம் நீதிமன்ற அவமதிப்புன்னு தீர்ப்பு சொல்லி, அவர் நாலு மாசம் கோர்ட்ல ஆஜராகக் கூடாதுன்னு தடை போட்டது. 2009 ஜூலையில உச்ச நீதிமன்றமும் அவர் குற்றவாளிதான்னு உறுதி பண்ணினதோட, இந்தத் தண்டனை போதுமான்னும் கேட்டது. கடைசியில 2012-ல 21 லட்சம் ரூபாயும் ஒரு வருஷம் இலவச சட்ட உதவியும் தரேன்னு அவரே ஒத்துக்க வேண்டியதாச்சு.

கட்சிக்காரர் தப்பிச்சாரா? 2008-ல அஞ்சு வருஷம் தண்டனை. உயர் நீதிமன்றம் அதை ரெண்டு வருஷமாக் குறைச்சது. 2012 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம், இது சாதாரண கவனக்குறைவு இல்லை, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம்தான்னு சொன்னது. உள்ள இருந்த காலம் போதும்னு விட்டாலும், 50 லட்சம் ரூபாய் கட்டணும், ரெண்டு வருஷம் சமூக சேவை செய்யணும்னு உத்தரவு. பதிமூணு வருஷம் ஓடியும் குற்றவாளிங்கற பட்டம் போகலை, வக்கீலுக்கும் ஒரு பட்டம் சேர்ந்து வந்தது.

அடுத்து "சல்மான் கான்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. 2002 செப்டம்பர்ல பாந்த்ராவுல நடந்தது, ஒருத்தர் செத்தார். 2015 மே மாசம் அஞ்சு வருஷம் தண்டனை. அதே வருஷம் டிசம்பர்ல மும்பை உயர் நீதிமன்றம், அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கலைன்னு விடுதலை பண்ணிடுச்சு. அந்தத் தீர்ப்புல எனக்குக் கருத்து சொல்லத் தகுதி இல்லை. நான் கேக்கறது ஒண்ணுதான். பதிமூணு வருஷம் வக்கீலுக்குச் சம்பளம் கொடுக்க உங்ககிட்ட என்ன இருக்கு? சித்தப்பாகிட்ட ரெண்டு ஏக்கர் மரவள்ளிக் காடுதான் இருக்கு.

*

இப்ப எதிர்ப்பக்கத்து ஆளுங்க. "குடிச்சுட்டு ஓட்டினவனுக்கு வக்கீல் ஒரு கேடா? நேரா உள்ள தள்ளு." வீராவேசமா இருக்கு. சித்தி சொன்னதைக் கேட்டப்போ எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

ஆனா அது தப்பு. நம்ம ஊர்ப் பக்கத்து வழக்குலயே பதில் இருக்கு. கோயமுத்தூர்ல வக்கீல்களுக்கும் போலீசுக்கும் தகராறு வந்து, போலீஸ்காரங்களுக்கு யாரும் ஆஜராகக் கூடாதுன்னு வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டாங்க. அது முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசுன்னு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2010 டிசம்பர்ல கோர்ட் சொன்னது: அப்படித் தீர்மானம் போடறதே சட்டவிரோதம், எப்பேர்ப்பட்ட குற்றவாளின்னு ஊர் சொன்னாலும் அவனுக்காக வாதாட ஆள் வேணும்.

ஏன் வேணும்? போலீசும் தப்பு பண்ணும். வாய் நாறுது, தள்ளாடறான், கண்ணு ஒரு மாதிரி இருக்குன்னு மட்டும் வெச்சு போதையில இருந்தான்னு முடிவு கட்ட முடியாது, ரத்தப் பரிசோதனை எங்கன்னு 1971-லயே உச்ச நீதிமன்றம் கேட்டிருக்கு. 185-ல கைது பண்ணினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட காட்டணும், இல்லைன்னா விட்டுடணும்னு 202-ஆவது பிரிவு சொல்லுது. இதெல்லாம் ஓட்டை இல்லைங்க. குடிக்காதவன் மாட்டிக்கக் கூடாதுன்னு போட்ட வேலி. அந்த வேலி சரியா இருக்கான்னு பாக்கறதுதான் வக்கீல் வேலை. அந்த சங்ககிரி டிரைவருக்கு அப்படி ஒருத்தர் இல்லாமப் போனது எனக்கு இன்னும் உறுத்துது.

வக்கீல் வேண்டாம்னு நான் சொல்லலை, கண்டிப்பா வேணும்னுதான் சொல்றேன். ஆனா அவர் எதுக்கு வேணும்னு நாம முடிவு பண்ணிக்கிட்டுப் போறோமே, அங்கதான் சறுக்கறோம்.

*

என் கூட வேலை பாக்கற பையனுக்கு நான் சொன்னதையே இங்கயும் எழுதறேன். காப்பி பண்ணி வெச்சுக்குங்க.

1. உங்க பேச்சை முடிக்க விடாம "ஜெயிச்சுடலாம்"னு சொல்றவர்கிட்டருந்து எழுந்து வந்துடுங்க. காகிதத்தைப் பாக்காம முடிவு சொல்றவர் ஜோசியக்காரர். அதுக்கு வேற கடை இருக்கு.

2. "ஜெயிச்சா இவ்வளவு"ன்னு ஃபீஸ் பேசினா உஷார். வழக்கோட முடிவை வெச்சு ஃபீஸ் பேசக் கூடாதுன்னு இந்திய பார் கவுன்சில் விதியே இருக்கு. உங்க முன்னாடியே விதியை மீறறவர் உங்க கேஸ்ல மட்டும் ஒழுங்கா இருப்பாரா?

3. "கோர்ட்ல ஆள் இருக்கு"ன்னா ஓடியே போயிடுங்க. டெல்லிக் கதையை மேல படிச்சீங்கல்ல.

4. வெறும் 185-ஆ, இல்லை யாருக்காவது அடிபட்டிருக்கான்னு முதல்ல கேக்கறவர் வேலை தெரிஞ்சவர். யாராவது செத்திருந்தா அது வேற உலகம். 2024 ஜூலையிலருந்து பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆவது பிரிவுல கவனக்குறைவுச் சாவுக்கே அஞ்சு வருஷம் வரைக்கும் போகலாம். மும்பை கார்ட்டர் ரோட்டுல 2006-ல ஏழு பேரைக் கொன்ன அலிஸ்டர் பெரேரா வழக்குல, இது வெறும் கவனக்குறைவு இல்லைன்னு உச்ச நீதிமன்றம் 2012-ல மூணு வருஷத் தண்டனையை உறுதி பண்ணியிருக்கு.

5. லைசென்ஸ், இன்சூரன்ஸ், வேலை மூணையும் பத்திப் பேசறாரான்னு பாருங்க. குடிச்சு ஓட்டி வண்டி நொறுங்கினா சொந்த வண்டிக்கான இன்சூரன்ஸ் பணம் கெடைக்காமப் போகலாம். பரிசோதனை ரிப்போர்ட் இல்லாட்டியும், குடிச்சிருந்தார்னு வேற வகையில காட்டி கம்பெனி மறுக்கலாம்னு 2021-ல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. "ரத்த டெஸ்ட் இல்லை, நாம சேஃப்"ங்கறது அங்க செல்லாது. ஊதவே மாட்டேன்னு அடம் பிடிக்கறதும் வேலைக்காகாது. அந்த மறுப்பையே போலீஸ் தரப்பு உங்களுக்கு எதிராக் காட்டலாம்னு சட்டத்துல இருக்கு. ஆன்சைட் கனவுல இருக்கற நம்ம மக்களுக்கு இன்னொண்ணு. விசா வெச்சிருக்கறவர் அங்க குடிச்சு ஓட்டிக் கைதானாலே, தண்டனை வரைக்கும் காத்திருக்காம விசாவை ரத்து பண்ணலாம்னு அமெரிக்கா 2015-லயே முடிவெடுத்துடுச்சு.

6. இணையத்துல "நம்பர் ஒன் வக்கீல்"னு விளம்பரம் பாத்துப் போகாதீங்க. வக்கீல்கள் விளம்பரம் பண்ணவே கூடாதுன்னு பார் கவுன்சில் விதி. ஸ்டார் ரேட்டிங் போட்டு வக்கீலை விக்கற தளங்கள் மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டிருக்கு. பெரிய ஆபீசைத் தேட வேண்டாம். உங்க கேஸ் நடக்கற அதே கோர்ட்டுக்கு தினமும் போறவரைப் பாருங்க.

7. கேஸ் நம்பரை வாங்கி நீங்களே ஈ-கோர்ட்ஸ்ல பாருங்க. வக்கீலை நம்புங்க, வாய்தாவை மட்டும் நீங்க ஒரு தடவை பாத்துக்குங்க.

8. காசு இல்லைன்னு வக்கீல் இல்லாமப் போகாதீங்க. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுன்னு கோர்ட் வளாகத்துலயே ஆபீஸ் இருக்கும். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள், காவல்ல இருக்கறவங்க, வருமானம் வரம்புக்குக் கீழ இருக்கறவங்க எல்லாருக்கும் இலவச வக்கீல் தரணும்னு 1987 சட்டம். ஃபோன் நம்பர் 15100. அந்த நம்பர் அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சிருந்தா, அடுத்த பெஞ்ச்ல உக்காந்திருந்த டிரைவர்கிட்ட சொல்லியிருப்பேன்.

*

கடைசியா ஒண்ணு. இந்த மண்ணுல வக்கீலுக்கும் சாராயத்துக்கும் ஒரு பழைய கதை இருக்கு. சேலத்துல வக்கீலாத் தொழில் பண்ணி நல்லாச் சம்பாதிச்ச ஒருத்தர், ஒத்துழையாமை இயக்கத்துக்காகத் தொழிலை விட்டார். 1925-ல திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்துல ஆசிரமம் போட்டு, மதுவிலக்குக்குன்னே 'விமோசனம்'னு பத்திரிகை நடத்தினார். அப்புறம் மாகாணத்துக்குப் பிரதமரானதும், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கை முதல்ல கொண்டு வந்தது தன்னோட சேலம் மாவட்டத்துலதான். நாமக்கல்லும் அப்ப சேலம் ஜில்லாதான். ராஜாஜியோட மத்த அரசியல்ல எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. மதுவிலக்கு வேலைக்காகுமான்னா அதுலயும் சந்தேகம்தான். ஆனா ஊர்க்காரன் குடியால என்ன ஆகறான்னு பாத்துக் கவலைப்பட்டவர் ஒரு வக்கீல்.

நம்ம காலத்துலயும் ஒருத்தர் இருக்கார். வக்கீல் பாலு போட்ட வழக்குலதான் 2016 டிசம்பர் 15-ல, நெடுஞ்சாலையிலருந்து 500 மீட்டருக்குள்ள மதுக்கடை கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாடு அரசு மேல்முறையீடு போய் வாங்கிக் கட்டிக்கிட்ட வழக்கு அது. அப்புறம் சின்ன ஊருக்குத் தூரத்தைக் குறைச்சு, நகராட்சி எல்லைக்குள்ள பொருந்தாதுன்னு விளக்கம் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமா நீர்த்துப் போனது தனிக் கதை. 2003-லருந்து சில்லறையில விக்கறதே அரசாங்கம்தான். ஒரு பக்கம் விக்கும், மறுபக்கம் ஊதச் சொல்லும். அதையும் திட்டலாம், திட்டணும். ஆனா அன்னிக்கு ராத்திரி சாவியை எடுத்துக் கொடுத்தது டாஸ்மாக் இல்லை.

தம்பி ஆறு மாசம் மொபெட்கூட ஓட்டலை. பஸ்ல போயி, பண்ணைக்காரங்க வண்டியில தொத்திக்கிட்டுப் போயி வேலையைக் காப்பாத்திக்கிட்டான். லைசென்ஸ் திரும்பி வந்த அன்னிக்கு கார் சாவியை எடுக்கப் போனான். ஆணியில சாவி இல்லை.

சித்தி முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்தாங்க. "பகல்ல கேளு, தரேன். பொழுது போனா கேக்காத" என்றார்கள்.

இன்னிக்கும் அந்த வீட்டுல அதுதான் சட்டம். இதே வேலையை அன்னிக்கு ரிசப்ஷன்ல நான் செஞ்சிருந்தா எந்த வக்கீலையும் பாத்திருக்க வேண்டியதில்லை, இந்தப் பதிவும் வந்திருக்காது. அடுத்த கல்யாணத்துல உங்க டேபிள்ல இருந்து ஒருத்தன் சாவியோட எழுந்தா "பாத்துப் போடா"ன்னு மட்டும் சொல்லாதீங்க.

திட்டறவங்க பின்னூட்டத்துல திட்டலாம். "உங்க வக்கீல் நம்பர் ப்ளீஸ்"னு மட்டும் யாரும் கேக்காதீங்க மக்களே :-)